கல்லீரலுக்கும் ஜாதகம் உண்டா?

ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கிறது. கண்கள் மஞ்சள். வயிறு நீர் கோத்து வீங்கியிருக்கிறது. கை நடுக்கம், லேசான காய்ச்சல். பத்துப் பதினைந்து வருடக் குடி. அதை அவரும் மறைக்கவில்லை, கூட வந்த மனைவியும் மறைக்கவில்லை. மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கடுமையான மதுசார் கல்லீரல் அழற்சி'. பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு அந்த மனைவி கேட்கப் போவது ஒரே கேள்விதான். பிழைத்துக்கொள்வாரா?

பிரிட்டனில் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் காணக் கிடைக்கிற காட்சி இது. (உலகத்தில் எங்கேயும்தான். ஆனால் இந்தக் கட்டுரையின் முக்கியமான ஆய்வு பிரிட்டனில் நடந்தது என்பதால் அங்கேயே நிற்போம்.) அந்த மனைவியின் கேள்விக்கு நோயாளியின் மரபணுவைப் படித்தே பதில் சொல்லிவிட முடியுமா என்று ஆய்வாளர்கள் பல வருடமாகத் தேடுகிறார்கள். பிறந்த நேரத்தை வைத்துக் கட்டம் போடுவது போல, பிறக்கும்போதே கூட வந்த எழுத்துக்களை வைத்து ஒரு ஜாதகம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஜாதகம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதில்தான் சுவாரஸ்யமே.

முதலில், மரபணு வருவதற்கு முன்னால் மருத்துவர்கள் என்ன செய்தார்கள்?

கணக்குப் போட்டார்கள். 1964-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சைல்ட், டர்காட் என்ற இரு அறுவை மருத்துவர்கள் ஐந்து விஷயங்களை எடுத்துக்கொண்டார்கள். ரத்தத்தில் பிலிருபின், ஆல்புமின், வயிற்றில் நீர், மூளைக் குழப்பம், ஊட்டம். இவற்றை வைத்து நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தார்கள். ஊட்டத்தை எப்படி அளப்பது? கண்ணால் பார்த்துத்தான்! 1973-இல் லண்டனில் ப்யூ என்பவரும் அவரது சகாக்களும் அதை எடுத்துவிட்டு, ரத்தம் உறையும் நேரத்தைச் சேர்த்தார்கள். இன்றும் கல்லீரல் வார்டுகளில் 'சைல்ட்-ப்யூ' என்ற பெயர் காதில் விழும்.

குடியால் வந்த கல்லீரல் அழற்சிக்கென்றே 1978-இல் மேட்ரி ஒரு சூத்திரம் தந்தார். ரத்தம் உறைய எத்தனை வினாடி அதிகமாக ஆகிறது என்று பார்த்து, அதை 4.6-ஆல் பெருக்கி, பிலிருபின் அளவைக் கூட்ட வேண்டும். 32-ஐத் தொட்டால் ஆபத்து. நம் நோயாளிக்கு ரத்தம் உறைய 19 வினாடி, இயல்பு 13, பிலிருபின் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். 27.6-உடன் 14. மொத்தம் 41.6. ஒரு காகிதத்தின் மூலையில் போட்டுவிடக்கூடிய கணக்கு. ஒரு உயிரைப் பற்றிய தீர்ப்பு இத்தனை சின்னக் கணக்கில் அடங்குவதைப் பார்க்கும்போது கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு மெல்ட் வந்தது. பிலிருபின், கிரியாட்டினின், ரத்தம் உறையும் தன்மை மூன்றையும் வைத்து 6 முதல் 40 வரை ஒரு மதிப்பெண். 2002 முதல் அமெரிக்காவில் தானமாக வரும் கல்லீரல் யாருக்கு முதலில் என்பதை இந்த மதிப்பெண்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நடுவில் சோடியம் சேர்ந்தது. 2023-இல் ஆல்புமினும், நோயாளி ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்தன. 2007-இல் பிரான்சின் லீல் நகரத்து மருத்துவர்கள் இன்னொரு வழி சொன்னார்கள். ஸ்டீராய்டு மருந்தை ஏழு நாள் கொடுத்துப் பாருங்கள். பிலிருபின் இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கியவர்களில் ஆறு மாதம் கழித்து உயிரோடிருந்தவர்கள் சுமார் 85 சதவீதம். இறங்காதவர்களில் 25.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. இன்றைய ரத்தத்தைப் பார்த்து நாளையைச் சொல்கின்றன. நேற்றைப் பற்றி இவற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் வார்டில் இருக்கிற யாருக்கும் தோன்றக்கூடிய இன்னொரு கேள்வி உண்டு. ஒரே கடையில், ஒரே பாட்டிலை, அதே பதினைந்து வருடம் குடித்த நண்பர் வெளியே நன்றாகத்தானே நடமாடுகிறார்? இவருக்கு மட்டும் ஏன்?

நியாயமான கேள்வி. வருடக்கணக்கில் அளவுக்கு மீறிக் குடிப்பவர்களில் சிரோசிஸ் என்கிற கல்லீரல் இறுக்கம் வரை போகிறவர்கள் 10 முதல் 20 சதவீதம்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மற்றவர்கள் தப்பிக்கிறார்கள். (வேறு ஏதாவதில் மாட்டுகிறார்கள், அது தனிக் கதை.) எனவே குடியைத் தாண்டி வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று தேடினார்கள்.

2008-இல் ஒரு விடை கிடைத்தது. ஆச்சரியம் என்னவென்றால், அது குடிகாரர்களிடம் தேடிக் கிடைத்தது அல்ல. அமெரிக்காவில் டல்லஸ் நகரத்து மக்களிடம் இதய நோய் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழுவினர் அதில் 2111 பேரின் கல்லீரல் கொழுப்பைக் காந்தக் கருவியில் அளந்து, 9229 மரபணு மாறுபாடுகளோடு ஒப்பிட்டார்கள். ஒன்று மட்டும் தலை நிமிர்ந்து நின்றது. 22-ஆவது குரோமோசோமில் பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணு. அதில் ஒரே ஒரு எழுத்து, 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி'. அதனால் உருவாகும் புரதத்தில் 148-ஆவது இடத்தில் ஐசோலூசின் போய் மெத்தியோனின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் ஒவ்வொன்றாக, இரண்டு ஜி வாங்கியவர்களின் கல்லீரலில் இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு.

பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதலில் உள்ள 'பி' என்பது பேட்டடின். உருளைக்கிழங்கில் இருக்கும் ஒரு புரதம்! இந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் ஒரு பகுதி அந்த உருளைக்கிழங்குப் புரதத்தைப் போல இருப்பதால் வந்த பெயர். கல்லீரல் செல்லுக்குள் கொழுப்பு சிறு சிறு துளிகளாகத் தங்கியிருக்கும். வேலை முடிந்ததும் செல் இந்தப் புரதத்தை அப்புறப்படுத்திவிட வேண்டும். எழுத்து மாறிய புரதமோ போக மறுக்கிறது. துளியின் மேலேயே படிந்து, கொழுப்பை உடைக்க வருகிற மற்ற புரதங்களுக்கும் இடைஞ்சலாக நிற்கிறது. வாடகை தராமல் காலியும் செய்யாத குடித்தனக்காரர் மாதிரி.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. 2010-இல் மெக்சிகோவின் மெஸ்டிசோ மக்களில், குடிக்கு அடிமையானவர்களிடம் பார்த்தபோது அதே ஜி எழுத்துக்கும் மதுசார் கல்லீரல் நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. 2015-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் மரபணுத் தொகுதி முழுவதையும் சலித்து, டி.எம்.6.எஸ்.எஃப்.2, எம்.பி.ஓ.ஏ.டி.7 என்று இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். 2018-இல் நல்ல செய்தியும் வந்தது. எச்.எஸ்.டி.17பி13 என்ற மரபணு வேலை செய்யாமல் போனால் அது கல்லீரலுக்கு நல்லதாம்! அந்த மாறுபாட்டின் ஒரு பிரதி இருந்தால் மதுசார் சிரோசிஸ் அபாயம் 42 சதவீதம் குறைவு, இரண்டு பிரதி இருந்தால் 73 சதவீதம் குறைவு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

எல்லாம் இப்படி நேர்கோட்டில் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2010-இல் யேல் பல்கலைக்கழகத்தார் 95 இந்திய வம்சாவளி ஆண்களைப் பரிசோதித்து, ஏ.பி.ஓ.சி.3 என்ற மரபணுவில் மாறுபாடு உள்ளவர்களில் 38 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு, மாறுபாடு இல்லாதவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை என்று அறிவித்தார்கள். ஒல்லியாக இருக்கும் இந்தியர்களுக்கும் ஏன் கொழுப்புக் கல்லீரல் என்ற புதிருக்கு விடை கிடைத்துவிட்டதாகப் பேச்சு. மறு வருடமே டல்லஸ் ஆய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தேடியபோது அந்தத் தொடர்பு காணோம். தொண்ணூற்றைந்து பேரை வைத்து ஒரு இனத்துக்கே ஜாதகம் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

சரி, வார்டுக்குத் திரும்புவோம். இதுவரை பார்த்ததெல்லாம் நோய் 'வருமா' என்ற கேள்வி. அந்த மனைவி கேட்டது அது இல்லையே. நோய் வந்துவிட்டது, முற்றியும் விட்டது. இனி என்ன ஆகும் என்பதுதான் அவர் கேள்வி. இந்த இரண்டும் வேறு வேறு என்பது பலருக்கும் உடனே பிடிபடுவதில்லை. தீ எப்படிப் பற்றியது என்பது ஒன்று. பற்றிய வீட்டில் என்ன மிஞ்சும் என்பது இன்னொன்று.

இதற்கு விடை தேட ஒரு நல்ல வாய்ப்பு பிரிட்டனில் கிடைத்தது. ஸ்டோபா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஆய்வு. 65 மருத்துவமனைகள், கடுமையான மதுசார் கல்லீரல் அழற்சியோடு வந்த 1103 நோயாளிகள். எல்லோருக்குமே மேட்ரி கணக்கு 32 அல்லது அதற்கு மேல். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும், பென்டாக்ஸிஃபிலின் என்ற இன்னொரு மருந்தும் உயிரைக் காக்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். 2015-இல் முடிவு வெளியானது. இரண்டு மருந்தும் இல்லாமல் வெற்று மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 17 சதவீதம். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 14. பென்டாக்ஸிஃபிலின் மட்டும் என்றால் 19. இரண்டும் என்றால் 13. பென்டாக்ஸிஃபிலினால் பயனில்லை. ஸ்டீராய்டால் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. பல வருட வாதத்தை முடித்துவைக்கும் என்று எதிர்பார்த்த ஆய்வு, 'இருக்கலாம்' என்று சொல்லி முடிந்தது!

ஆனால் அந்த நோயாளிகளின் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்து வைத்திருந்தார்கள். சுமார் 900 பேருடையது. அவர்களில் யாருக்கு என்ன ஆயிற்று என்பதும் கையில் இருந்தது. பி.என்.பி.எல்.ஏ.3-இன் அந்த ஒற்றை எழுத்தை ஒவ்வொருவரிடமும் பார்த்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள்.

முதல் 28 நாளில் அந்த எழுத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பே இல்லை. இரட்டை ஜி உள்ளவரும் இறந்தார், பிழைத்தார். ஒரு ஜி கூட இல்லாதவரும் இறந்தார், பிழைத்தார். 90-ஆவது நாளிலிருந்து 450 நாள் வரை பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. முதல் 90 நாள் பிழைத்தவர்களில் இரட்டை ஜி உள்ளவர்களின் மரண அபாயம் சுமார் 1.69 மடங்கு.

யோசித்துப் பார்த்தால் இதில் பொருள் இருக்கிறது. முதல் மாதத்தில் கொல்வது எது? கிருமித் தொற்று, சிறுநீரகம் நின்றுபோவது, உடல் முழுக்கப் பரவும் அழற்சி. அது வெள்ளம். வெள்ளம் வரும்போது வீட்டின் அஸ்திவாரம் எந்த வருடம் போட்டது என்று யாரும் பார்ப்பதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு மிச்சமிருக்கும் கல்லீரல் எப்படித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, தழும்பு எவ்வளவு வேகமாக இறுகுகிறது என்பதெல்லாம் மெதுவாக நடப்பவை. மெதுவாக வேலை செய்யும் ஒரு மரபணுவின் குரல் அப்போதுதான் கேட்கும். இதுதான் காரணம் என்று நிரூபித்தாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பொருந்தி வருகிற விளக்கம்.

இந்த 1.69-ஐ நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதும் முக்கியம். பத்திரிகைத் தலைப்பில் 'மரண அபாயம் 69 சதவீதம் அதிகம்' என்று போட்டால் படிப்பவருக்கு '69 சதவீதம் பேர் இறப்பார்கள்' என்று தோன்றும். அப்படி இல்லை. உதாரணத்துக்கு, சாதாரண எழுத்துள்ள நூறு பேரில் அந்தக் காலத்துக்குள் 20 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரட்டை ஜி உள்ள நூறு பேரில் சுமார் 31 பேர். மீதி 69 பேர் உயிரோடு இருக்கிறார்கள்! அந்த வார்டில் படுத்திருக்கும் ஒருவர் 31-இல் சேர்வாரா, 69-இல் சேர்வாரா என்பதை அந்த எழுத்து சொல்லாது. தவிரவும், அந்த 1.69-க்கே நிச்சயமின்மை அதிகம். உண்மையான எண் 1-ஐ ஒட்டியும் இருக்கலாம் என்று ஆய்வின் கணக்கே காட்டுகிறது.

மடங்கு பெரிதாக இருந்தால் மட்டும் ஆரூடம் பலித்துவிடுமா? ஃப்ளூக்ளாக்சசிலின் என்றொரு ஆண்டிபயாட்டிக் உண்டு. எச்.எல்.ஏ.-பி 57:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் கல்லீரல் கெடும் வாய்ப்பு சுமார் 80 மடங்கு என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். எண்பது மடங்கு! ஆனாலும் அந்த வகை உள்ள 500 முதல் 1000 பேர் அந்த மருந்தைச் சாப்பிட்டால் ஒருவருக்குத்தான் அப்படி ஆகிறது. மற்ற அத்தனை பேருக்கும் அந்த எச்சரிக்கை வீண்.

ஸ்டோபா நோயாளிகளிடம் கிடைத்த இன்னொரு எண்ணை இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போன பிறகு மறுபடியும் குடித்தவர்களின் மரண அபாயம் சுமார் 2.77 மடங்கு. எழுத்துக்கு 1.69. பாட்டிலுக்கு 2.77. இந்த இரண்டு எண்களும் ஒரே ஆய்வில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மரபணு ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்வது ஏன் என்று புரியவில்லை. இரண்டாவது எண்ணுக்கு டி.என்.ஏ. தேவையில்லை என்பதாலோ என்னவோ.

இடையில் ஒரு விஷயம். அதே ஸ்டோபா ஆய்வில் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 7 சதவீதம் பேருக்கும் கடுமையான தொற்று வந்தது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அவருக்கு ஸ்டீராய்டைத் தவிர்க்கலாம் அல்லவா? நோயாளிகளின் ரத்தத்தில் மிதக்கும் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை அளந்து பார்த்தார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே அது அதிகமாக இருந்து, ஸ்டீராய்டும் பெற்றவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு கூடியிருந்தது. ஆக, அந்த முதல் சில வாரங்களைப் பற்றி ஏதாவது சொன்ன டி.என்.ஏ., நோயாளியுடையதே அல்ல. கிருமியுடையது!

இனி, தெரிந்துகொள்வதில் என்ன கெடுதல் இருக்க முடியும் என்று கேட்கலாம். ஸ்வீடன் இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தின் குறைபாடு நுரையீரலையும், சிலருக்குக் கல்லீரலையும் கெடுக்கும். 1972 முதல் 1974 வரை அங்கே பிறந்த 2,00,000 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். சுமார் 120 குழந்தைகளிடம் கடுமையான வகை தென்பட்டது. அவர்களில் பிறந்த சில மாதங்களில் நீடித்த மஞ்சள் காமாலை கண்டவர்கள் 14 பேர். பெரும்பாலான குழந்தைகள் எந்த நோயும் தெரியாமலே வளர்ந்து பெரியவர்களானார்கள்.

ஆனால் அந்த 120 வீடுகளிலும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதே. தொட்டிலில் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் பெற்றோருக்கு அந்தக் காகிதம் ஞாபகம் வரும். குழந்தை ஒரு நாள் பால் குடிக்காவிட்டால் பயம். கண் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பயம். பெற்றோருக்கு ஏற்பட்ட மன உளைச்சலைப் பார்த்து அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பல வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்களில் அதன் தடம் இருந்ததை ஆய்வாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் குழந்தைகளைப் புகையிலிருந்து விலக்கி வைப்பது நுரையீரலுக்கு நல்லது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையை முன்கூட்டியே யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு மரபணு ஆரூடம் நன்றாகவே பலித்த கதையும் உண்டு. ஹெபடைடிஸ் சி கிருமிக்கு அப்போது இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும்தான் சிகிச்சை. பலருக்கு ஒரு வருடம் வரை நீளும். காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு. இத்தனை பட்டும் பாதிப் பேருக்குக் குணமாகாது. 2009-இல் ஐ.எல்.28பி என்ற மரபணுவுக்கு அருகே உள்ள ஒரு எழுத்தை வைத்து, யாருக்குக் குணமாகும் என்பதை ஓரளவு சொல்ல முடிந்தது. சாதகமான எழுத்து இருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடனே மருத்துவமனைகளில் அந்தப் பரிசோதனை பரவியது. 2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் வந்தது. பிறகு வந்த மாத்திரைகள் பெரும்பாலும் பன்னிரண்டு வாரத்தில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்களைக் குணமாக்கின. எழுத்து எதுவாக இருந்தால் என்ன? பரிசோதனை தேவையற்றுப் போனது. நல்ல மருந்து வந்தால் ஜோசியருக்கு வேலை இல்லை.

மதுசார் கல்லீரல் அழற்சிக்கு அப்படி ஒரு மாத்திரை வரவில்லை. ஸ்டீராய்டும் கேட்காதவர்களுக்குக் கடைசி வழி கல்லீரல் மாற்று. ஆனால் ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டினால்தான் வரிசையில் பெயர் என்பது வெகு காலமாகப் பல இடங்களில் இருந்த விதி. ஆறு மாதம் வரை உயிரோடே இருக்க மாட்டார் என்றால்? 2011-இல் பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவர்கள் கவனமாகத் தேர்ந்தெடுத்த 26 நோயாளிகளுக்கு அந்த விதியைத் தளர்த்திச் சீக்கிரமே மாற்று செய்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மாற்று பெறாத, அதே நிலையில் இருந்தவர்களில் 23 சதவீதம். மாற்று பெற்ற 26 பேரில் மறுபடி குடித்தவர்கள் மூன்று பேர்.

யாருக்குக் கல்லீரல் என்று முடிவெடுக்கும் மேஜையில் இந்த மரபணுக் காகிதத்தையும் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 'இரட்டை ஜி, தானாகத் தேறும் வாய்ப்பு குறைவு, எனவே முதலில் இவருக்குக் கொடுங்கள்' என்று ஒருவர் சொல்லலாம். 'இரட்டை ஜி, எப்படியும் தேற மாட்டார், வேறொருவருக்குக் கொடுங்கள்' என்று இன்னொருவர் சொல்லலாம். அதே காகிதம்தான்! இரண்டாமவர் அறிவியலிலும் ஓர் ஓட்டை உண்டு. மாற்று முடிந்த பிறகு அவருக்குள் இருக்கப் போவது தானம் கொடுத்தவரின் கல்லீரல், அந்தக் கல்லீரலில் தானம் கொடுத்தவரின் எழுத்து. நோயாளியின் ரத்தத்தை மட்டும் சோதித்தால் பழைய ஜிதான் தெரியும். வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போடுகிற கதை.

இதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று. டல்லஸ் ஆய்விலேயே அந்த ஜி எழுத்தின் பரவல் எல்லா மக்களிடமும் ஒன்றாக இல்லை. ஹிஸ்பானிய வம்சாவளியினரிடம் 49 சதவீதம், ஐரோப்பிய வம்சாவளியினரிடம் 23, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் 17. அந்த எழுத்தை வைத்து வரிசையை ஒழுங்குபடுத்தினால், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, வரிசை வம்சாவளியின்படி மாறும். ஏழை நோயாளிகளுக்கு ஏற்கனவே எத்தனையோ தடைகள் உண்டு. அறிவியலின் பெயரால் இன்னொன்று எதற்கு?

இவ்வளவு சொன்னதால் மரபணு ஆய்வே வீண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆரூடம் சொல்வதைவிட, நோய் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதில் அது கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. எச்.எஸ்.டி.17பி13 செயலிழந்தவர்களுக்குக் கல்லீரல் தப்புகிறது என்றால், மற்றவர்களுக்கு அதை மருந்தால் செயலிழக்கச் செய்தால் என்ன? பி.என்.பி.எல்.ஏ.3-இன் தொல்லை தரும் புரதத்தை உருவாகவே விடாமல் தடுத்தால் என்ன? இரண்டு வழியிலும் மருந்துகள் மனிதர்களிடம் பரிசோதனை வரை வந்திருக்கின்றன. குடிப்பவர்களில் யாரை முன்கூட்டியே கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று பார்க்கவும் இந்த எழுத்துக்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கே நேரம் இருக்கிறது. கேட்பவருக்கும், சொல்பவருக்கும்.

வார்டில் இருப்பவருக்கு அந்த நேரம் குறைவு. மேட்ரி கணக்கு 41.6 வந்தது, ஸ்டீராய்டு தொடங்கினார்கள், ஏழு நாள் ஆயிற்று, பிலிருபின் 14-இலிருந்து 9-க்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் முதல் முறையாகக் கொஞ்சம் சிரிக்கிறார். இன்னும் சில வாரத்தில் வீட்டுக்குப் போகலாம். மனைவியின் கேள்வி இப்போது வேறு: இனிமேல் என்ன ஆகும்?

மருத்துவரின் மேஜையில் மரபணு அறிக்கை ஒன்று இருந்து, அதில் இரட்டை ஜி என்றே எழுதியிருந்தாலும் அவர் கொடுக்கப் போகிற தாள்களில் எதுவும் மாறப் போவதில்லை. மருந்துச் சீட்டு, அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தேதி, உணவு பற்றிச் சில வரிகள், குடியை நிறுத்த உதவும் ஆலோசகரின் அறை எண். அந்த அறை பெரும்பாலும் வேறு கட்டடத்தில் இருக்கும். அங்கே போகும் வழியை மருத்துவர் அவர்களுக்கு விரலால் காட்டுகிறார்.